தண்ணீரால் எழுதிய பாடம்

வரலாறு என்றதும் போர்க்களங்களும் அரியணைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஒரு தூரிகைக்கும் ஒரு கிண்ணம் தண்ணீருக்கும்கூட வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறியாமையால் நம் இல்லங்களில் நேரும் ஓர் இழப்பைப் பற்றியே இங்குச் சொல்ல முனைகிறேன்.

கார்ட்டூன் என்று நாம் வழங்கும் சித்திரத் திரைப்படம் மூன்று தலைமுறைக் குழந்தைகளின் உள்ளத்தை ஈர்த்து வந்திருக்கிறது. படத்தைக் கண்டு மகிழ்ந்த குழந்தை, தானும் அவ்வாறே தீட்ட வேண்டுமென்று வண்ணப்பெட்டி கேட்கிறது. நாமும் வாங்கித் தருகிறோம், தந்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறோம். குழந்தை தான் கண்ட மானையோ முயலையோ அழுத்தமாகக் கோடிழுத்து வரைகிறது. கோட்டுக்குள் வண்ணத்தை அப்புகிறது. தாள் நெளிகிறது, வண்ணங்கள் ஒன்றோடொன்று கலங்கிச் சேறாகின்றன. "இதற்கு வரையும் கை இல்லை" என்று வீட்டார் தீர்ப்பளித்துவிடுகின்றனர். அத்தீர்ப்பு அக்குழந்தையின் வாழ்நாள் முழுதும் மாறாமல் நின்றுவிடுவதும் உண்டு.

குற்றம் குழந்தையின் கையில் இல்லை. அது கண்டு வியந்த அழகு எங்கிருந்து வந்தது என்பதை நாம் அதற்குக் காட்டவில்லை. அதைக் காட்ட வேண்டுமானால், முதலில் நாம் அறிந்திருக்க வேண்டும்.

அசைவதும் அசையாததும்

சித்திரத் திரைப்படத்தில் இரு பகுதிகள் உள்ளன. ஓடியாடும் உருவங்கள் ஒரு பகுதி. அவற்றின் பின்னே அசையாது நிற்கும் காடு, மலை, வீடு, வானம் ஆகியவை மற்றொரு பகுதி. திரையில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. தொடக்கக் காலத்தில் ஒவ்வொரு படத்துக்கும் பின்னணியையும் சேர்த்தே மீண்டும் மீண்டும் வரைந்துகொண்டிருந்தனர். 1914ஆம் ஆண்டில் ஏர்ல் ஹர்ட் என்னும் அமெரிக்கர், உருவங்களைக் கண்ணாடி போன்ற செல்லுலாய்டுத் தகடுகளில் வரைந்து, தாளில் தீட்டிய பின்னணியின்மேல் வைத்துப் படமெடுக்கும் முறைக்கு உரிமம் கோரினார். அதன்பின், ஒருமுறை தீட்டிய பின்னணி ஒரு காட்சி முழுவதற்கும் போதுமானதாயிற்று.

இச்சிறு தொழில்நுட்பச் செய்தி கற்பிப்போர்க்கு மிகவும் பயனுடையது. வழவழப்பான தகட்டின்மேல் நீர்வண்ணம் தங்காது. ஆதலின் உருவங்களுக்கு ஒளி ஊடுருவாத கெட்டி வண்ணத்தையே பூசினர். நீர்வண்ணத்துக்குரிய இடம் பின்னணித் தாளே. குழந்தையின் கண் மானைப் பார்க்கிறது. ஆனால் அதன் மனத்தை மயக்கிய பனிமூட்டமும் மாலை ஒளியும் மானுக்குப் பின்னால் இருக்கின்றன. குழந்தை மானைப் பார்த்து வரைகையில், நீர்வண்ணத்துக்குச் சற்றும் தொடர்பில்லாத பகுதியை நீர்வண்ணத்தால் தீட்ட முயல்கிறது. தோல்வி அங்கேயே தொடங்கிவிடுகிறது.

வால்ட் டிஸ்னியின் நிறுவனம் தன் முதல் முழுநீளச் சித்திரப்படமான 'ஸ்நோ ஒயிட்டும் ஏழு குள்ளர்களும்' என்னும் படத்தை 1937ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்டது. அதன் பின்னணிகள் மென்மையான, அடங்கிய நிறமுடைய நீர்வண்ணங்களால் தீட்டப்பட்டவை. அத்தகைய படத்தை எடுக்கும் திறன் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1932ஆம் ஆண்டிலேயே டான் கிரஹாம் என்னும் ஓவிய ஆசிரியரை அழைத்து, அந்நிறுவனம் தன் ஓவியர்களுக்கு மாலை வகுப்புகளை நடத்தத் தொடங்கியிருந்தது. சம்பளம் வாங்கும் ஓவியர்களே மாணவர்களாகிப் பலகைமுன் அமர்ந்தனர். படக்கூடம் பள்ளிக்கூடமாக மாறிய பிறகே அப்படம் பிறந்தது.

1941இல் வந்த 'டம்போ'வும் நீர்வண்ணப் பின்னணி கொண்டதே. அதன்பின் அந்நிறுவனம் கெட்டி வண்ணங்களுக்கு மாறிவிட்டது. அறுபது ஆண்டுகள் கடந்து, 2002ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவைக் களமாகக் கொண்ட 'லிலோ அண்ட் ஸ்டிச்' படத்துக்கு மீண்டும் நீர்வண்ணப் பின்னணியை விரும்பியபோது, அங்கிருந்த ஓவியர்கள் அக்கலையைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. கைமாற்றித் தரப்படாத கலை அறுபது ஆண்டுகளில் அதன் சொந்த வீட்டிலேயே அந்நியமாகிவிட்டது. கற்பித்தல் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

செய்தித்தாளும் தண்ணீரும்

இவ்வரலாற்றின் நடுவே ஒரு தந்தையும் மகனும் நிற்கின்றனர். மகனின் பெயர் டைரஸ் வோங். 1910இல் தென்சீனத்தின் குவாங்டொங் மாநிலத்தில் பிறந்தவர். 1920ஆம் ஆண்டில், பிழைப்பு நாடித் தந்தையுடன் கப்பலேறி அமெரிக்கா சென்றார். தாயையும் உடன்பிறந்தாளையும் அதன்பின் அவர் தம் வாழ்நாளில் பார்க்கவே இல்லை. சீனர்கள் குடியேறுவதைத் தடுக்கும் 1882ஆம் ஆண்டுச் சட்டம் அப்போது நடப்பில் இருந்தது. ஆகவே பிறிதொருவரின் பெயரில் அமைந்த ஆவணங்களோடுதான் இருவரும் நுழைய முடிந்தது. சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் உள்ள ஏஞ்சல் தீவு முகாமில் அச்சிறுவன் தந்தையைப் பிரிந்து, சில வாரங்கள் தனியே அடைபட்டுக் கிடந்தான்.

பின்னர் தந்தையோடு சேர்ந்தபோது, வறுமையும் உடன் இருந்தது. பகலெல்லாம் உழைத்த தந்தை இரவில் மகனுக்குச் சீன எழுத்துக் கலையைக் கற்பித்தார். மை வாங்கப் பணமில்லை. நல்ல தாளும் இல்லை. ஆகவே தூரிகையைத் தண்ணீரில் தோய்த்துப் பழைய செய்தித்தாளின்மேல் எழுதப் பழக்கினார். எழுதிய எழுத்து ஈரமாக ஒரு கணம் தெரியும். பிறகு உலர்ந்து மறைந்துவிடும். காட்டிப் பாராட்டுப் பெற ஒன்றும் மிஞ்சாது. மிஞ்சியது கையின் பழக்கம் ஒன்றே. எவ்வளவு நீர், எவ்வளவு அழுத்தம், எவ்விடத்தில் தொடங்கி எவ்விடத்தில் நிறுத்துவது என்னும் அறிவு அவ்விரவுகளில் அவன் விரல்களில் ஏறியது.

அச்சிறுவன் வளர்ந்து லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஓட்டிஸ் கலைக்கல்லூரியில் உதவித்தொகை பெற்றுப் பயின்றான். உதவித்தொகை முடிந்தபோது தந்தை கட்டணம் திரட்டித் தந்தார். பயிலும் காலத்தில் நூலகத்துக்குச் சென்று, ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட சுங் அரச மரபுக் காலத்து மலைநீர்க் காட்சி ஓவியங்களை ஊன்றிப் பார்த்தான். அவ்வோவியங்களில் மலையின் உச்சி தெரியும். இடையே வெறுந்தாள் பனிமூட்டமாக நிற்கும். கீழே ஒரு மரக்கிளை தெரியும். தீட்டாமல் விட்ட இடமே தொலைவையும் அமைதியையும் உணர்த்தும்.

1938இல் டைரஸ் வோங் டிஸ்னி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மற்றவர் வரைந்த இரண்டு அசைவுகளுக்கு இடைப்பட்ட கோட்டுப்படங்களை நிரப்பித் தரும் கடைநிலைப் பணி அவருக்குக் கிடைத்தது. அவ்வேளையில் 'பாம்பி' என்னும் மான்குட்டியின் கதை அங்கே திட்டமிடப்பட்டு வந்தது. மானின் உடலமைப்பைக் கற்பதற்காக உயிருள்ள மான்குட்டிகளையே படக்கூடத்துக்குக் கொண்டுவந்தனர். மான் சிறப்பாக அமைந்தது, காடுதான் அமையவில்லை. ஒவ்வோர் இலையையும் ஒவ்வொரு கிளையையும் விடாமல் தீட்டியதால் மான் அந்தக் காட்டுக்குள் தொலைந்துபோயிற்று. இதனைக் கேள்வியுற்ற வோங், நீர்வண்ணத்தாலும் வண்ணக்கட்டியாலும் சிறுசிறு காட்சிகளைத் தீட்டிக் காட்டினார். இலைகள் இல்லை, காட்டின் ஈரமும் ஒளியும் நிழலும் இருந்தன. நடுவே மான் மட்டும் தெளிவாக நின்றது. வால்ட் டிஸ்னி அவற்றை ஏற்றார். 1942இல் வெளிவந்த அப்படத்தின் இறுதிப் பின்னணிகள் எண்ணெய் வண்ணத்தில் தீட்டப்பட்டன. எனினும் அவற்றைத் தீட்டியோர் வோங்கின் சிற்றோவியங்களை முன்னே வைத்தே தீட்டினர். செய்தித்தாளில் தண்ணீரால் தந்தை கற்பித்த பாடம், வண்ணம் மாறிய பின்னும் மாறாமல் நின்றது.

அவருக்குக் கிடைத்த நன்றி யாது? 1941இல் நிறுவனத்தில் வேலைநிறுத்தம் நடந்தது. அவர் அதில் பங்குகொள்ளவில்லை. ஆயினும் அதன் விளைவாக வேலையிழந்தார். படத்தின் பெயர்ப்பட்டியலில் பின்னணி ஓவியர் பலருள் ஒருவராகவே அவர் பெயர் வந்தது. அதன்பின் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தில் 26 ஆண்டுகள் பணியாற்றினார். ஓய்வுக்காலத்தில் அழகிய காற்றாடிகளைச் செய்து கடற்கரையில் பறக்கவிட்டார். 2001ஆம் ஆண்டில்தான் டிஸ்னி நிறுவனம் அவருக்குச் சிறப்புப் பட்டம் அளித்தது. 2013இல் சான்பிரான்சிஸ்கோவில் உள்ள டிஸ்னி குடும்ப அருங்காட்சியகம் அவருடைய படைப்புகளுக்கென ஒரு கண்காட்சியை நடத்தியது. 2016ஆம் ஆண்டு டிசம்பரில், 106ஆம் வயதில் அவர் மறைந்தார். அவருடைய காட்டைக் கண்டு மகிழ்ந்த கோடிக்கணக்கான குழந்தைகளுள் பெரும்பாலோர் அவர் பெயரைக் கேட்டதே இல்லை.

தலைப்பிரட்டைகளின் தேடல்

வோங் எந்தச் சீன ஓவிய மரபைப் பெயர்ந்த நாட்டில் சுமந்து நடந்தாரோ, அம்மரபு அதன் தாயகத்திலும் சித்திரப்படமாக மலர்ந்தது. ஷாங்காய் நகரில் 1957ஆம் ஆண்டு சித்திரப்படக்கூடம் ஒன்று நிறுவப்பட்டது. அதன் தலைவர் தே வெய் என்னும் ஓவியர். கோடிட்டு வண்ணம் நிரப்பும் மேனாட்டு முறையைக் கைவிட்டு, நீரில் கரைத்த மையால் தீட்டும் தம் நாட்டு ஓவியத்தையே அசைய வைக்க அவரும் தோழர்களும் முனைந்தனர். ச்சி பாய்ஷி என்னும் மூத்த ஓவியரின் நடையை அதற்கு முன்மாதிரியாகக் கொண்டனர்.

ச்சி பாய்ஷி 1864இல் உழவர் குடும்பத்தில் பிறந்து, இளமையில் தச்சுத்தொழில் செய்தவர். இறாலும் நண்டும் மீனும் தவளையும் அவர் தூரிகையில் உயிர்பெற்றன. 1951இல், தவளைகளின் குரலைப் பற்றிய பழைய கவிதையடி ஒன்றை ஓவியமாக்கித் தருமாறு லவோ ஷே என்னும் எழுத்தாளர் அவரைக் கேட்டுக்கொண்டார். குரலை எப்படி வரைவது? முதியவர் ஒரு மலையோடையைத் தீட்டி, அதில் சில தலைப்பிரட்டைகளை நீந்தவிட்டார். தவளை ஒன்றுகூட அந்த ஓவியத்தில் இல்லை. தலைப்பிரட்டை இங்கே நீந்துகிறதென்றால், ஓடையின் மேற்புறத்தில் எங்கோ தவளைகள் இருக்கின்றன. பார்ப்பவர் மனமே அவற்றின் ஒலியைக் கேட்டுக்கொள்கிறது.

1960இல் ஷாங்காய்க் கூடம் தாயைத் தேடும் தலைப்பிரட்டைகளின் கதையைப் படமாக்கியது. பொன்மீனையும் நண்டையும் ஆமையையும் தாயென்று மயங்கி, ஈற்றில் தவளையைக் கண்டடையும் எளிய குழந்தைக்கதை அது. எளிமைக்குப் பின்னே இருந்த உழைப்போ பெரிது. கோடு இல்லாத உருவத்தை, நீரில் பரவும் மையின் மென்மை கெடாமல் அசைய வைக்க வேண்டும். ஒவ்வோர் உருவத்தையும் அதன் நிற அழுத்தங்களுக்கேற்பப் பல தகடுகளாகப் பிரித்துத் தீட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகப் படமெடுத்து அதனைச் சாதித்தனர். இம்முறையை நெடுங்காலம் மறைபொருளாகவே காத்தும் வந்தனர். 1963இல் எருமை மேய்க்கும் சிறுவனைப் பற்றிய 'புல்லாங்குழல்' படம் வந்தது. பிறகு 1966இல் எழுந்த பண்பாட்டுப் புரட்சியின் கொந்தளிப்பில் கூடத்தின் படைப்பு வேலை நின்றது. தே வெய்யும் பழிக்கும் துன்பத்துக்கும் ஆளானார்.

அப்புயலும் ஓய்ந்து, முதுமையும் வந்தபின், 1988இல் அவர் மற்றொரு படத்தை நெறிப்படுத்தினார். பேச்சே இல்லாத, இருபது நிமிடத்துக்கும் குறைவான அப்படத்தின் பெயரை 'மலையும் நீரும் தந்த உணர்வு' எனத் தமிழில் சொல்லலாம். நோயுற்ற முதிய இசைவாணர் ஒருவர் ஆற்றங்கரையில் தளர்ந்து விழுகிறார். ஒரு சிறுமி அவரைப் பேணுகிறாள். அவர் அவளுக்குத் தம் நரம்பிசைக் கருவியை மீட்டக் கற்றுத் தருகிறார். கற்று முடிந்ததும் கருவியையே அவளிடம் ஒப்படைத்துவிட்டு, மலைகளுக்குள் நடந்து மறைகிறார். வாழ்நாளெல்லாம் குழந்தைகளுக்காகப் படமெடுத்த ஒருவர், தம் கலையின் முடிவாகச் சொல்ல எண்ணியது இதைத்தான்: கற்பித்தல் என்பது கருவியைக் கைமாற்றிவிட்டு விலகி நிற்பது.

ஜப்பானிலும் இந்நீரோட்டம் உண்டு. இசாவோ தக்காஹாட்டா 2013இல் உருவாக்கிய 'இளவரசி காகுயாவின் கதை' படத்தில் காட்சியின் ஓரங்கள் வெண்தாளாகவே விடப்பட்டிருக்கும். அதன் கலை நெறியாளர் கசுவோ ஓகா. அவரே 1988இல் வந்த 'என் அண்டைவீட்டு டொட்டோரோ' படத்தின் பசுமை கொழிக்கும் காட்சிகளையும் தீட்டியவர். அவற்றைத் தீட்டியது போஸ்டர் வண்ணம் எனப்படும் கெட்டி வண்ணத்தால் என்பதை ஆசிரியர்கள் நினைவில் கொள்ள வேண்டும். கருமைமேல் வெண்மையைப் பூச அவ்வண்ணம் இடந்தரும், நீர்வண்ணம் தராது. இவ்வேறுபாடு தெரியாமல் டொட்டோரோவின் காட்டை நீர்வண்ணத்தால் தீட்டச் சொல்வது குழந்தைக்கு நாம் செய்யும் கொடுமை.

பார்த்து எழுதுதல்

இவ்விடத்தில் ஒரு வினா எழும். பிறர் படைப்பைப் பார்த்து வரைவது நல்லதா, தீயதா? பார்த்து வரைவதே கூடாதென்பார் ஒரு சாரார். அரபுக் கையெழுத்துக் கலையின் வரலாறு அதற்கு வேறு விடை தருகிறது. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில், அதாவது கி.பி. 940இல் மறைந்த இப்னு முக்லா, எழுதுகோலின் நுனி இடும் புள்ளியையே அளவாகக் கொண்டு எழுத்துகளின் விகிதத்தை வகுத்தார். பிற்கால உஸ்மானிய ஆசான்கள் ஒரு வரியை எழுதித் தர, மாணவர் அதனை நாள்தோறும் பார்த்து எழுதினார். இப்பயிற்சிக்கு மஷ்க் என்று பெயர். பல்லாண்டுப் பயிற்சிக்குப் பின் இஜாஸா கிடைத்த பிறகே தம் எழுத்தின்கீழ்த் தம் பெயரை இடும் உரிமை அவருக்கு வந்தது.

அம்மாணவர் பார்த்துக் கற்றது எழுத்தின் புறவடிவத்தை மட்டுமா? ஆசானின் கை எவ்விடத்தில் விரைந்தது, எவ்விடத்தில் தயங்கியது, மை எங்கே தடித்தது, எங்கே மெலிந்தது என்பதையும் சேர்த்தே கற்றார். மெல்லிய தாளை மேலே வைத்துப் புறக்கோட்டைத் தடவி எடுப்பவருக்கு இவற்றுள் ஒன்றும் கிட்டாது. டைரஸ் வோங்கின் தந்தை கற்பித்ததும் கையின் ஓட்டத்தைத்தான். அரபு எழுத்தும் சீன எழுத்தும் வடிவத்தால் வேறானவை. கற்பிக்கும் நெறியால் அண்டை வீட்டார்.

பொருளாலும் ஓர் உறவு உண்டு. நீர்வண்ணம் என்பது பொடித்த நிறப்பொருளைப் பிசினில் குழைத்தது. அப்பிசின் வேலமரத்தினத்தைச் சேர்ந்த மரங்களில் வடிவது. சூடான் நாட்டில் மிகுதியாகக் கிடைப்பது. அரபியில் ஸம்கு அரபி எனப்படுவது. விளக்குக்கரியோடு இதே பிசினைச் சேர்த்துத்தான் அரபுக் கையெழுத்துக் கலைஞர் மை காய்ச்சினர்.

வீட்டில் தொடங்கும் முறை

இவ்வரலாற்றிலிருந்து ஓர் எளிய பாடமுறையை வகுத்துக்கொள்ளலாம். உருவம் வரைதல் குறித்துத் தயங்கும் குடும்பத்தாரும் இதில் தயங்க வேண்டியதில்லை. மலை, நீர், மரம் ஆகியவற்றைத் தீட்டுவதை மார்க்க அறிஞருள் பெரும்பாலோர் தடுத்ததில்லை. நாம் கற்பிக்கப்போவதும் பின்னணியையே.

முதல் வாரத்தில் வண்ணமே வேண்டாம். பழைய செய்தித்தாள், ஒரு தூரிகை, ஒரு கிண்ணம் தண்ணீர் போதும். குழந்தை நீரால் கோடிழுக்கட்டும். முழுத் தூரிகையால் தடித்த கோடு, நுனியால் மெல்லிய கோடு, நீர் வற்றும்போது வரும் சொரசொரப்பான கோடு என்று அதுவே கண்டுகொள்ளும். கெட்டுவிடுமோ என்ற அச்சம் இராது. கெடுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

அடுத்து ஒரே நிறம். நீலமோ கருமையோ போதும். கனத்த தாளை முதலில் ஈரமாக்கி, மேலே நிறத்தைத் தொட்டு வைத்தால் அது தானே பரவி வானமாகும். உலர்ந்த தாளில் வைத்தால் விளிம்பு தெளிவாக நின்று மலையாகும். நீர்வண்ணத்தில் ஒளி என்பது தாளின் வெண்மையே. வண்ணத்தை ஊடுருவிச் சென்ற ஒளி தாளில் பட்டுத் திரும்பி வருவதால்தான் அது மிளிர்கிறது. ஆகவே நிலவு வேண்டுமானால் நிலவின் இடத்தைத் தீட்டாமல் விட வேண்டும். வெளிறிய நிறம் முதலில், அழுத்தமான நிறம் பின்னர். ஒன்று உலர்ந்த பிறகே மற்றொன்று. குழந்தைக்குக் கடினமானது இக்காத்திருப்பே. இக்கலை தரும் பெரும்பேறும் அதுவே.

மூன்றாவதாகத் திரைப்படம். இன்று கைப்பேசியிலேயே படத்தை வேண்டிய இடத்தில் நிறுத்திவைக்க இயலும். உருவம் இல்லாத, காடோ வயலோ மட்டும் தெரியும் ஒரு காட்சியில் நிறுத்துங்கள். ஐந்து நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள். ஒளி எப்பக்கத்திலிருந்து வருகிறது, தொலைவில் உள்ளது ஏன் வெளிறியிருக்கிறது, ஓவியர் எதைத் தீட்டாமல் விட்டார் என்று கேளுங்கள். பிறகு திரையை அணைத்துவிடுங்கள். மனத்தில் நின்றதைக் குழந்தை தீட்டட்டும். திரை எதிரே இருந்தால் கண் இலைகளை எண்ணும். திரை மறைந்தால் மனம் காட்டை நினைவுகூரும். 'பாம்பி'யின் முதற்காட்டுக்கும் வோங்கின் காட்டுக்கும் இருந்த வேறுபாடு இதுதான்.

ஈற்றில், ச்சி பாய்ஷி ஏற்ற வினாவைப் போல் ஒன்றைக் குழந்தையிடம் வையுங்கள். மழையை வரையாமல் மழை பெய்ததை எப்படிக் காட்டுவாய்? உம்மா வீட்டில் இருப்பதை, உம்மாவை வரையாமல் எப்படிக் காட்டுவாய்? வாசலில் கழற்றிவைத்த செருப்பு என்று ஒரு குழந்தை சொல்லும். அடுக்களைச் சன்னலில் எழும் புகை என்று மற்றொன்று சொல்லும். அவ்விடை வந்த நாளில் குழந்தை பிறர் படத்தைப் பார்த்து வரைவதைக் கடந்துவிட்டது என்று கொள்ளலாம்.

வண்ணப்பெட்டி கடையில் கிடைக்கும். அருகிலமர்ந்து கையைப் பார்த்துச் சொல்லித்தரும் ஒரு மூத்தவர் கடையில் கிடைக்கமாட்டார். பகலெல்லாம் உழைத்துக் களைத்த ஓர் ஏழைத் தந்தை, மை வாங்க வழியின்றித் தண்ணீரால் கற்பித்தார். நம் வீடுகளில் பழைய செய்தித்தாளுக்கும் தண்ணீருக்கும் பஞ்சமில்லை. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே அரைமணி நேரம் ஒதுக்குவதுதான் நம்மால் ஆக வேண்டியது.